பழைய கம்ப்யூட்டரும் புது லேப்டாப்பும் பேச மறுக்கிறதா? ஃபைல்களைப் பத்திரமாக மாற்ற எளிய வழிகள்!

வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தாகிவிட்டது. ஆனால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள், தாத்தா பொறுமையாக உட்கார்ந்து டைப் செய்த குலதெய்வக் கோயில் வரலாறு, அப்பாவின் கடைக் கணக்கு எல்லாமே ஹால் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. இருந்தாலும் ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தாலும் பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டால் ‘தவறு’ என்கிறது. பல வீடுகளில் இந்த இடத்தில் சலித்துப்போய், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த ‘அப்புறம்’ வராமலேயே போகலாம்.

இரண்டு கம்ப்யூட்டர்களிலும் கோளாறு இல்லாமலேயே இந்தச் சிக்கல் வரும். காரணம் தெரிந்தால் தீர்வும் எளிதாகப் புரியும்.

கதவை மூடியது யார்?

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஃபைல் பரிமாறிக்கொள்ள எஸ்.எம்.பி. என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அவை பேசிக்கொள்ளும் மொழி அது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980-களில் உருவான அதன் முதல் பதிப்பு மட்டும்தான் விண்டோஸ் எக்ஸ்பி-க்குத் தெரியும். விஸ்டாவில் இரண்டாம் பதிப்பு வந்தது, விண்டோஸ் 8-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. புதிய கம்ப்யூட்டர்கள் பழைய மொழியையும் தெரிந்துவைத்திருந்ததால் நீண்ட காலம் பிரச்னை இல்லாமல் ஓடியது.

2017 மே 12 அன்று நிலைமை மாறியது. ‘வானாக்ரை’ என்ற வைரஸ் அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் வேலைகள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்கும் அது தானாகப் பரவியது.

அந்த ஆண்டின் இறுதியில் வந்த அப்டேட்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் பழைய மொழியை விண்டோஸ் 10-ல் இருந்து விலக்கத் தொடங்கியது. இன்றைய விண்டோஸ் 11-ல் அது அணைத்துவைக்கப்பட்டுத்தான் வருகிறது. உங்கள் புது லேப்டாப் பழையதோடு பேச மறுப்பது இந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

முதலில் பழையதன் வயதைப் பாருங்கள்

‘மை கம்ப்யூட்டர்’ ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் எந்த விண்டோஸ் என்று தெரியும். இனி செய்ய வேண்டியது எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

விண்டோஸ் 7, 8 அல்லது 10 என்றால் கவலை வேண்டாம். அவற்றுக்குப் புதிய மொழி தெரியும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப் உங்கள் வீட்டில் இருந்து, அதில் விண்டோஸ் 7 இருந்தால் அதற்கும் இது பொருந்தும். ‘பழைய எஸ்.எம்.பி.யை ஆன் செய்யுங்கள்’ என்று யாராவது யோசனை சொன்னால், இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அது தேவையே இல்லை.

எக்ஸ்பி என்றால் வழி வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

விண்டோஸ் 7 முதல் 10 வரை: வரிசையாகச் சரிபாருங்கள்

1. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா? ஒன்று வீட்டு வைஃபையிலும் இன்னொன்று மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் இருந்தால் வேலைக்கு ஆகாது. ரௌட்டரில் விருந்தினருக்கென்று தனி ‘கெஸ்ட்’ வைஃபை வைத்திருந்தால் அதிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள். அதில் இணைந்திருப்பவை ஒன்றையொன்று பார்க்க முடியாதபடிதான் வழக்கமாக அமைத்திருப்பார்கள்.

2. நெட்வொர்க் ‘பிரைவேட்’ ஆக இருக்கிறதா? புது லேப்டாப்பில் வைஃபையை முதலில் இணைக்கும்போது அது பெரும்பாலும் ‘பப்ளிக்’ என்றே பதிவாகும். பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு லேப்டாப் தன்னை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 7-ல் இதன் பெயர் ‘ஹோம் நெட்வொர்க்’.

3. ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா? ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ என்ற பக்கத்தில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ இரண்டையும் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் ஆன் செய்யுங்கள்.

4. எந்த ஃபோல்டர்? பழைய கம்ப்யூட்டரில் தேவையான ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ பகுதியில் பகிருங்கள். அனுமதி ‘ரீட்’ மட்டும் போதும். புது லேப்டாப்பிலிருந்து பார்த்து காப்பி எடுத்துக்கொள்ளலாம். தவறிப்போய் யாரும் அழிக்க முடியாது.

5. பட்டியலில் பெயர் தெரியவில்லையா? பெயர் தெரியாவிட்டாலும் உள்ளே போக முடியும். பழைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரங்களில் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்று ஒரு எண் இருக்கும். அது 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். புது லேப்டாப்பில் ஃபோல்டர் விண்டோவின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பல வீடுகளில் இதிலேயே கதவு திறந்துவிடும்.

பழைய விண்டோஸ் 7-ல் ‘ஹோம்குரூப்’ வைத்து வேலை நடந்திருக்கலாம். அதைப் புது லேப்டாப்பில் தேடாதீர்கள். 2018-லேயே விண்டோஸ் 10-ல் இருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் தவறு என்கிறதே?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

கேட்கப்படும் பெயரும் பாஸ்வேர்டும் ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டருடையவை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புடையதைப் போட்டால் ஏற்காது.

லேப்டாப்பைத் திறக்கப் போடும் நான்கு இலக்க ‘பின்’ அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவர்களுக்கு முழு பாஸ்வேர்டு தேவை.

பாஸ்வேர்டே வைக்காத கணக்காக இருந்தால் அதை நெட்வொர்க் வழியாகத் திறக்க விண்டோஸ் அனுமதிக்காது. “வீட்டு கம்ப்யூட்டருக்கு எதுக்கு பாஸ்வேர்டு?” என்று விட்டுவைத்தவர்களுக்கு இதுதான் தடை.

மூன்றுக்கும் ஒரே தீர்வு உண்டு. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில், பகிர்வதற்கென்றே புதிதாக ஒரு யூசர் கணக்கு தொடங்குங்கள். சின்னப் பெயர், நல்ல பாஸ்வேர்டு. ஃபோல்டரை அந்தப் பெயருக்கு மட்டும் பகிருங்கள். கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள்.

“நேற்று வரை பாஸ்வேர்டு இல்லாமலேயே ஓடியது, அப்டேட் ஆனதும் நின்றுவிட்டது” என்பவர்களுக்கும் இதுவே பதில். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 அப்டேட், புரோ பதிப்பில் பெயரில்லா விருந்தினராக உள்ளே போவதை நிறுத்திவிட்டது. ரௌட்டரின் பின்னால் ஹார்ட் டிஸ்க் செருகி வீடு முழுக்கச் சினிமா பார்த்தவர்களையும் இது பாதித்தது. ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் பெயரும் பாஸ்வேர்டும் வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட அது நல்லது.

எக்ஸ்பி என்றால் நெட்வொர்க்கை மறந்துவிடுங்கள்

எக்ஸ்பி-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்துவிட்டன. அதை இன்டர்நெட் இருக்கும் வைஃபையில் இணைப்பதே ஆபத்து. புது லேப்டாப்பில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலுக்குப் போய்ப் பழைய எஸ்.எம்.பி.யை ஆன் செய்ய முடியும்தான். ஆனால் எக்ஸ்பி-யும் விண்டோஸ் 11-ம் பாஸ்வேர்டு விஷயத்திலும் ஒத்துப்போகாமல் பாதி நாள் போய்விடும். ஆன் செய்ததை அணைக்க மறந்தால் பாதுகாப்பு குறைந்த அந்தப் பழைய கதவு உங்கள் வீட்டில் திறந்தே கிடக்கும். இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன.

பென் டிரைவ்: புது பென் டிரைவை எக்ஸ்பி சில சமயம் ஏற்காது, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். பென் டிரைவ் ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் இருப்பதே பெரும்பாலும் காரணம். ‘ஃபேட்32’ முறையில் இருந்தால் ஏற்கும். ஆனால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. கல்யாண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான். காலியான பென் டிரைவைப் புது லேப்டாப்பில் ‘என்டிஎஃப்எஸ்’ முறையில் ஃபார்மேட் செய்துகொண்டால் எக்ஸ்பி, விண்டோஸ் 11 இரண்டும் படிக்கும். யூஎஸ்பி 2.0 இருந்தால் 100 ஜிபி மாற்றச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்கும் முந்தைய யூஎஸ்பி 1.1 என்றால் ஒரு நாளுக்கு மேல் இழுக்கும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது: கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றாலும் இது கைகொடுக்கும். ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி-யில் செருக உதவும் கன்வெர்ட்டர் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும். அகலமான பட்டை கேபிள் இருந்தால் ‘ஐடிஇ’, மெல்லிய சிறு கேபிள் இருந்தால் ‘சாட்டா’ என்று கேட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டரும் வேண்டும். உள்ளே ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் தேடாதீர்கள். எக்ஸ்பி-யில் அதன் பெயர் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’. ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் ‘கன்டினியூ’ கொடுத்துக் காத்திருங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கும் வாய்ப்பு குறையலாம்.

வந்த ஃபைல் திறக்கிறது, தமிழ் மட்டும் படிக்க முடியவில்லை!

தாத்தாவின் கோயில் வரலாற்றைப் புது லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் குழம்பிக் கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு முறையில் தமிழை டைப் செய்தோம். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. பழைய ஃபைலில் இருக்கும் எழுத்து எந்த ஃபான்ட்டில் அடிக்கப்பட்டதோ, அந்த ஃபான்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும்.

அதனால் பழைய கம்ப்யூட்டரின் ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரில் உள்ள தமிழ் ஃபான்ட்களையும் மறக்காமல் காப்பி செய்யுங்கள். புது லேப்டாப்பில் அவற்றை இன்ஸ்டால் செய்தால் பழைய கடிதங்கள் பழையபடி தெரியும். பிறகு நேரம் கிடைக்கும்போது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகள் மூலம் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போதுதான் அந்தக் கோயில் வரலாற்றைப் பேரப்பிள்ளைகள் போனிலும் படிக்க முடியும்.

கடைக் கணக்கு சாஃப்ட்வேரில் இருந்தால் ஃபோல்டரைக் காப்பி செய்வதோடு, அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கும் ‘பேக்கப்’ வசதியிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் சரிபார்க்க

* எப்போதும் ‘காப்பி’ மட்டும் செய்யுங்கள். ‘கட்’ வேண்டாம். வழியில் மின்சாரம் போனால் சிக்கல்.
* இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
* ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து போட்டோ, ஒரு வீடியோ திறந்து பாருங்கள்.
* புது லேப்டாப்பில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருக்கட்டும்.
* எல்லாம் முடிந்ததும் ஷேரிங்கை நிறுத்தி, புதிதாகத் தொடங்கிய யூசர் கணக்கை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நேற்றைய ‘புது’ கம்ப்யூட்டரும் பழையதாகிவிட்டது என்று அர்த்தம். அதிலும் உங்கள் குடும்பத்தின் போட்டோக்கள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, முதலில் போட்டோ ஃபோல்டரை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். மற்றவற்றை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.