செல்கள் பிடி விட்ட குடும்பம்

நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு பெரிய மாவோரி குடும்பம், முப்பது ஆண்டுகளுக்குள் 25 பேரை இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது. வழக்கமாக அறுபதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய் அது. இங்கோ பிள்ளை பெற்று வளர்க்கும் வயதிலேயே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 14. குலத்தைப் பிடித்த சாபம் என்று எண்ணியவர்களும் உண்டு.

அந்தக் குடும்பம் அதோடு நின்றுவிடவில்லை. 1990களின் நடுவில், டனிடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் உதவியைத் தாங்களே நாடினார்கள். யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்ற விவரங்களைத் திரட்டினார்கள், ரத்தமும் கொடுத்தார்கள். அந்த வம்சாவளியை வைத்துத் தேடிய பாரி கில்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 1998 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார்கள். ஈ-கேடரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிழை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் குடும்பத்தாரின் பெயர்களும் இருக்கின்றன. அதுதான் நியாயம்.

ஈ-கேடரினின் வேலை, அடுத்தடுத்த செல்களைப் பிணைத்து வைப்பது. செல் சவ்வை ஊடுருவி நிற்கும் இதன் வெளிமுனை, பக்கத்துச் செல்லின் ஈ-கேடரினைப் பற்றிக்கொள்கிறது. உள்முனை, செல்லுக்கு உருவம் தரும் புரத இழைகளோடு இணைந்திருக்கிறது. இந்தப் பிடிக்குக் கால்சியம் அவசியம்.

ஈ-கேடரின் அடங்கிய கேடரின் புரதங்களைக் கண்டறிந்தவர் ஜப்பானின் மசதோஷி தகெய்ச்சி. 1970களில் அவர் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். டிரிப்சின் நொதியால் தனித்தனியாகப் பிரித்த செல்கள் கியோட்டோவில் சீக்கிரமே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பால்டிமோரில் ஒட்ட மறுத்தன. காரணத்தைத் துருவியபோது, அங்கே டிரிப்சினோடு இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தது தெரிந்தது. அது கால்சியத்தை அகற்றிவிடும். கால்சியம் உள்ளவரை நொதிக்குத் தப்பிப் பிழைக்கும் ஏதோ ஒரு புரதம், கால்சியம் போனதும் சிதைந்துவிடுகிறது என்று தகெய்ச்சி ஊகித்தார். ஊர் மாறியதால் வந்த சின்னக் கோளாறு என்று அதை அவர் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காததுதான் அவருடைய பெருமை. 1984-இல் அந்தப் புரதத்துக்குக் கேடரின் என்று பெயரிட்டார். 1987-இல் அவருடைய குழு அதன் மரபணுவை, ஒன்றோடொன்று ஒட்டாத செல்களுக்குள் செலுத்தியது. அவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன.

இந்தப் பிடிப்பு இல்லாமல் உடம்பு உருவாகவே முடியாது. எலியின் கரு எட்டுச் செல்களாக இருக்கும்போது, அதுவரை தளர்வாக இருந்த செல்கள் ஒன்றையொன்று இறுக அணைத்து உருண்டையாகின்றன. அதைச் செய்வது ஈ-கேடரின். அந்த மரபணுவை நீக்கிய எலிக் கருக்கள் கருப்பையில் பதியும் கட்டத்தைத் தாண்டுவதில்லை. பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் செல்கள், ஈ-கேடரினைக் கைவிட்டு என்-கேடரினுக்கு மாறி, தோலாகப்போகும் செல்களிடமிருந்து பிரிகின்றன. அவற்றின் விளிம்பிலுள்ள சில செல்கள் பிடியை விட்டு நெடுந்தூரம் பயணம் செய்து முக எலும்புகளாகவும் தோலின் நிறமிச் செல்களாகவும் ஆகின்றன. எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்ற ஒழுங்கில்தான் நம் உருவமே இருக்கிறது.

அந்த ஒழுங்கு குலைந்ததுதான் மாவோரி குடும்பத்தின் துயரம். பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரைப்பைச் செல் ஒன்றில், மற்ற பெற்றோரிடமிருந்து வந்து மிச்சமிருக்கும் நல்ல பிரதியும் முடங்கினால், அந்தச் செல் தன் அண்டைச் செல்களை விட்டு விலகுகிறது. கட்டி திரளாமல், மேற்பரப்புக்கு அடியில் ஒன்றிரண்டாகப் பரவும் புற்றுநோய் இது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை பெரும்பாலும் நலமாகவே தெரியும். அதனால் பிழை உள்ளவர்களுக்கு, 20 முதல் 30 வயதுக்குள் இரைப்பையை முழுவதும் அகற்றிவிடுவது பற்றி மருத்துவர்கள் பேசுகிறார்கள். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், பி12 வைட்டமினை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். கடினமான முடிவுதான். ஆனால் பிழை இல்லை என்று தெரிந்தவர்கள் அந்தப் பயத்திலிருந்து விடுபட்டார்கள். இந்த மரபணுப் பிழை உள்ள பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோயின் அபாயமும் கூடுகிறது.

பற்ற முடியாமல் போவதாலும் நோய் வரும். ரத்தக் குழாயின் சுவரைப் பற்றி நின்று வெளியேறித்தான் வெள்ளணுக்கள் கிருமிகளை அடைகின்றன. அதற்கு இன்டெக்ரின் என்ற புரதங்கள் வேண்டும். அவற்றில் ஒரு வகை பிறவியிலேயே குறைந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழத் தாமதமாகும். தொற்று வந்துகொண்டே இருக்கும், ஆனால் சீழ் கட்டாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் இந்த அரிய நோய் தாக்கும். எனவே சொந்தத்தில் மணம் முடிக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நம் வீடுகளில் புற்றுநோயை மூடி மறைக்கிறோம். பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் தட்டிப்போகும் என்ற பயம். தயவுசெய்து மறைக்காதீர்கள். நெருங்கிய சொந்தத்தில் இரண்டு பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அதிலும் ஐம்பது வயதுக்கு முன்பே வந்திருந்தால், யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று எழுதி எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.