சாரணர் படையும் பெற்றோர் கடமையும்

பள்ளிப் படிப்பில் தேர்ச்சி பெறுவது மட்டும் பிள்ளைகளுக்குப் போதாது. உடல் வலிவும், தன்னம்பிக்கையும், பிறர்க்கு உதவும் பண்பும் பெற்று அவர்கள் வளர்தல் வேண்டும். இந்நோக்கத்துடன் தோன்றியதே சாரணர் இயக்கம். 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமே இதற்கு வித்தாகும். நம் நாட்டில் தனித்தனியே இயங்கிவந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7ஆம் நாள் ஒன்றிணைந்தன. மறு ஆண்டில் சாரணியரும் சேர்ந்தனர். 2025ஆம் ஆண்டில் இவ்வியக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நம் மாநிலத்தில் மணப்பாறையில் நடைபெற்றதை நாம் அறிவோம்.

எனினும், எல்லாப் படைகளும் ஒரே தரத்தில் இயங்குவதில்லை. ஆகவே பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் சில விஷயங்களை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

குடியரசு தினத்தில் சீருடை அணிந்து அணிவகுத்துச் செல்வதை மட்டும் கண்டு ஒரு படையை மதிப்பிடலாகாது. வாரந்தோறும் ஒழுங்காகக் கூடுகின்றனரா என்பதே முதற்கேள்வி. ஒரு நாள் நேரில் சென்று பார்த்தால் உண்மை விளங்கும். 6 முதல் 8 பேர் கொண்ட அணிகளாகப் பிள்ளைகள் பிரிந்து, தம்முள் ஒருவனைத் தலைவனாகக் கொண்டு, தாமே வேலைகளைச் செய்வது நல்ல படையின் அடையாளம். ஆசிரியர் ஒருவரே பேச, பிள்ளைகள் கைகட்டி நிற்பார்களாயின் அங்கே சாரணப் பயிற்சி நடைபெறவில்லை என்று கொள்ளலாம்.

படையை நடத்துபவர் முறையான பயிற்சி பெற்றவரா, படை மாவட்டச் சங்கத்தில் பதிவு பெற்றதா என்றும் கேட்க வேண்டும். முகாம் செல்லுமிடம், உடன் வருவோர், இரவில் தங்கும் ஏற்பாடு, செலவு ஆகியவற்றை முன்னரே அறிந்துகொள்ளப் பெற்றோர்க்கு முழு உரிமை உண்டு. சாரணியர் முகாமாயின் ஆசிரியை உடனிருத்தல் இன்றியமையாதது. இவற்றைக் கேட்பதனால் நல்ல ஆசிரியர் எவரும் மனம் வருந்தமாட்டார்.

படை நிலைப்பது எவ்வாறு?

பிரவேஷ் நிலையில் தொடங்கும் பிள்ளை, மூன்று சோபானங்களைக் கடந்து, பின்னரே ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், அதனினும் உயர்ந்த ராஷ்ட்ரபதி விருதுக்கும் தகுதி பெறுகிறது. இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கிராமங்களிலோ பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் ஒருவரையே நம்பிப் படை நடைபெறுகிறது. அவர் மாற்றலாகிச் சென்றால் படையும் கலைந்துவிடுகிறது. பாதி வழியில் நிற்கும் பிள்ளைகளின் உழைப்பும் ஆர்வமும் வீணாகின்றன. இக்குறையைப் போக்கவல்லவர் பெற்றோரே.

பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் அடங்கிய குழு ஒன்று படைக்குத் துணை நின்றால், ஆசிரியர் மாறினும் படை மாறாது. ஊரில் ஆர்வமுள்ள இளைஞர் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பி வைப்பது அக்குழுவின் முதல் வேலையாகலாம்.

“எங்களுக்கு என்ன தெரியும்?” என்று விவசாயிகள் ஒதுங்க வேண்டுவதில்லை. வைக்கோற் பாரத்தை அவிழாமல் கட்டத் தெரிந்தவர் முடிச்சுகளைக் கற்பிக்கலாம். கிணற்றில் நீந்தப் பழகியவர் நீச்சற் பயிற்சியின்போது கரையில் காவல் நிற்கலாம். கிராம சுகாதாரச் செவிலியர் முதலுதவி சொல்லித்தரலாம். தாய்மார்கள் முகாம் சமையலுக்கு வழிகாட்டலாம். அறுவடை நாட்களில் பிள்ளைகள் வயலில் தேவைப்படுவராயின், கூடும் நாளை மாற்றியமைக்க ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லலாம். சொல்லாமல் நிறுத்திவிடுவதே தவறு.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கூடுவதற்கு ஓர் இடமும், கயிறு, கம்பு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வைக்க ஓர் அலமாரியும் தந்தால் அதுவே பேருதவி. சீருடை வாங்க இயலாத ஏழைப் பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிள்ளைகளின் சீருடையைச் சேகரித்து அளிக்க ஏற்பாடு செய்யலாம். மரம் நடுதல், குளக்கரைத் தூய்மை போன்ற பணிகளில் சாரணரை ஈடுபடுத்தலாம். ஆனால் அவர்களைக் கூலியில்லா வேலையாட்களாகக் கருதலாகாது. பள்ளியில் படை இல்லையெனில், மாவட்டச் சங்கத்தை அணுகி ஊருக்கெனப் பொதுப் படை ஒன்றைத் தொடங்கவும் வழியுண்டு.

வெள்ளம் வந்தாலும் விபத்து நேர்ந்தாலும் பதறாமல் முன்வந்து உதவும் இளைஞர் நம் கிராமங்களுக்குத் தேவை. அத்தகையோரை உருவாக்கும் பொறுப்பை ஆசிரியர் ஒருவர் தலையில் சுமத்தாது, பெற்றோரும் பஞ்சாயத்தாரும் பகிர்ந்துகொள்வார்களாக.