மூச்சைப் பிடிக்கும் கூம்பு

ஃப்ளூ காய்ச்சல் கண்டவர் இருமினாலும் தும்மினாலும் கிருமி தெறிக்கும் என்று நமக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டால்? இதை அளப்பதற்காகவே அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் மில்டனின் குழு ஓர் இயந்திரத்தை உருவாக்கியது. அதன் பெயர் கெசுண்ட்ஹைட்-2.

நோயாளி ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் முகத்தை வைத்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். இயல்பாக மூச்சு விடலாம். இருமல் வந்தால் இருமலாம். நடுநடுவே ஆங்கில அகரவரிசையை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள், பேச்சிலும் துகள்கள் வெளியேறும் என்பதால். கூம்பு நிமிடத்துக்கு 130 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது.

இழுத்த காற்று ஒரு குறுகிய பிளவு வழியே பாய்ந்து சட்டெனத் திரும்புகிறது. 5 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள்களால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. எதிரே உள்ள பரப்பில் மோதி ஒட்டிக்கொள்ளும். அதைவிட நுண்ணியவை தப்பிவிடும். அவற்றைப் பிடிக்கும் வழிதான் இந்த இயந்திரத்தின் அழகு. காற்றில் நீராவியைக் கலந்து குளிர்விக்கிறார்கள். ஒவ்வொரு நுண்துகள் மீதும் ஈரம் படிந்து அது பருக்கிறது. பருத்ததும் அதையும் மோதவிட்டுத் திரவத்தில் சேகரிக்கிறார்கள். உலர்ந்த வடிகட்டியில் சிக்கும் வைரஸ் எளிதில் செயலிழந்துபோகும், ஈரத்தில் பிழைத்திருக்கும். பிழைத்திருந்தால்தான் ஆய்வகச் செல்களில் வளர்த்து, அது தொற்றக்கூடியதுதான் என்று காட்ட முடியும்.

2013-இல் வெளியான ஆய்வில், 37 ஃப்ளூ நோயாளிகளின் நுண்துகள்களில் பெரிய துகள்களைவிட 8.8 மடங்கு அதிகமான வைரஸ் மரபுப்பொருள் இருந்தது. சாதாரண மருத்துவ முகக்கவசம் மொத்த அளவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தது. 2018-இல் 142 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. வளர்த்துப் பார்த்த நுண்துகள் மாதிரிகளில் 39 விழுக்காட்டில் உயிர்ப்புள்ள வைரஸ் கிடைத்தது. அரை மணி நேரத்தில் ஒருமுறைகூட இருமாதவர்களிடம் எடுத்த 23 மாதிரிகளிலும் எட்டில் அது இருந்தது. தும்மலோ அரிதாகவே வந்தது. அதற்கும் வைரஸ் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

பெரிய துளிகள் சில அடி தூரத்துக்குள் தரையில் விழுந்துவிடும். நுண்துகள்கள் மூடிய அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கும். கொரோனாக் காலத்தில் கடைவாசலில் வட்டம் போட்டு நின்றதோடு நிறுத்திக்கொண்டு, அறைக்குள் காற்றோட்டத்தைப் பலர் மறந்தது பெரும் பிழை என்றே நினைக்கிறேன்.

ஆகவே வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் சளியும் என்றால், அவர் இருமாவிட்டாலும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஏசியைப் போட்டு அறையை அடைக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து கவனிப்பவரும் படுத்திருப்பவரும் முகக்கவசம் அணியட்டும்.