கம்பியில் கட்டிய வேகம்

உத்திரமேரூர் பக்கம் நெல் காயப்போடும் பெரிய சிமென்ட் களம் அளவுதான் இருக்கும் அந்தப் பந்தயத் தளம். குறுக்களவு 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஒரு கம்பம். அதிலிருந்து நீளும் எஃகுக் கம்பியின் நுனியில் ஒரு குட்டிக் கார். உள்ளே ஆள் இல்லை, வெளியே யார் கையிலும் ரிமோட் இல்லை. 'டெதர் கார்' எனப்படும் இந்தக் கம்பி கார் மணிக்கு 340 கிலோமீட்டரையும் தாண்டி ஓடியிருக்கிறது. உத்திரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை இந்த வேகத்தில் 40 விநாடியில் கடந்துவிடலாம்.

காருக்கு கிளட்ச் கிடையாது, தானாகக் கிளம்பாது. ஒருவர் நீண்ட கோலால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடுவார். இன்ஜின் பிடித்ததும் சட்டென்று விலகிவிடுவார். கம்பத்தருகே நிற்பவர் கம்பி தரையில் உரசாதபடி பிடித்து, முதல் சில சுற்றுகளுக்குத் தானும் சேர்ந்து சுற்றுவார். கார் வேகமெடுத்ததும் அவரும் அசையாமல் நின்றுவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உறுமல் கீச்சென்ற அலறலாக மாறும். புகைக்குழாயின் நீளமும் இன்ஜினின் துடிப்பும் ஒத்துப்போகும் நேரம் அது; உண்மையான வேகம் அங்கேதான் தொடங்குகிறது. எட்டுச் சுற்று சேர்ந்தால் 500 மீட்டர். அதற்கு ஐந்தரை விநாடிகூட ஆகாது.

நிறுத்துவது எப்படி? காரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பியை விளக்குமாறு போன்ற ஒன்றால் தட்டினால் போதும், எரிபொருள் அடைபட்டுவிடும்.

10 சிசி காரின் எடை சுமார் 3 கிலோ. 340 கிலோமீட்டர் வேகத்தில் அது கம்பியை இழுக்கும் விசை தன் எடையைப்போல் 90 மடங்கு, அதாவது 270 கிலோவுக்கும் மேல். அதனால்தான் இன்ஜின் அளவைப் பொறுத்த ஒவ்வொரு பிரிவுக்கும் கம்பியின் தடிமனை விதியிலேயே வகுத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

1930களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்த பொழுதுபோக்கு இது. மாதிரி விமானங்களுக்கான சிறு இன்ஜின்களை எடுத்துக் காரில் பொருத்திப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் டூலிங் சகோதரர்கள் இதில் முன்னோடிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆர்வம் பெருகியது. டூலிங் 61, மெக்காய் 60 என்ற இன்ஜின்கள் எதிரும் புதிருமாக மோதின. 1940களின் இறுதியிலேயே வேகம் 200 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. பிரிட்டனில் நாட்டிங்ஹாமின் ஆலிவர் நிறுவனம் 'டைகர்' என்ற 2.5 சிசி டீசல் இன்ஜினால் பெயர் பெற்றது.

பெரிய திருப்பம் 1947இல் வந்தது. அதுவரை ஸ்பார்க் பிளக், காயில், பேட்டரி எல்லாவற்றையும் கார் சுமக்க வேண்டியிருந்தது. ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கில் ஒரு பிளாட்டினச் சுருள் மட்டுமே. கிளப்பும்போது பேட்டரியால் சூடேற்றினால் போதும். பிறகு மெத்தனால் பட்டு அது தானே கனன்றுகொண்டிருக்கும். இன்றைய எரிபொருளும் நான்கு பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு விளக்கெண்ணெயும்தான். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத எண்ணெய் அது. அதைத் தரும் ஆமணக்கின் விளைச்சலில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு.

1960களில் தடத்தின் பள்ளத்தில் ஓடும் ஸ்லாட் கார், அதன்பின் ரிமோட் கார் என்று வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஓடும்போதே காரைக் கட்டுப்படுத்தும் சுகம் கம்பி காரில் இல்லையே! ஆனால் இதன் அருமையே வேறு இடத்தில் இருக்கிறது: ஓட்டுபவரின் திறமை முழுவதும் ஓட்டத்துக்கு முன்பே, பட்டறையில் செலவாகிவிடுகிறது. எஸ்தோனியா, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் 1.5 முதல் 10 சிசி வரையிலான பிரிவுகளில் இன்றும் போட்டி நடக்கிறது. பலர் இன்ஜினைத் தங்கள் லேத்திலேயே கடைந்தெடுக்கிறார்கள். பித்தளை சிலிண்டரின் உட்புறத்தை மேலே போகப்போக மயிரிழை அளவு குறுக்கிக் கடைவார்கள். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகி நிற்கும். சூடேறி மேற்பகுதி விரிந்த பிறகே இரண்டும் சரியாகப் பொருந்தும்.