இயந்திர வரைபடங்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) பணிக்கின்றது. எமது வியாபாரிகள் பலர் கடன் கொப்பியை ஒழுங்காகவே பேணுகின்றனர். ஆனால் சிறு இயந்திரங்களைச் செய்து விற்கும் பட்டறைகளில் அவற்றின் வரைபடங்கள் எங்கே என்று கேட்டால், 'படம் கீறிய தம்பியின் கணினியில்' என்ற பதிலே பல இடங்களில் வரும். தம்பி கட்டாருக்குப் போய்விட்டால் பட்டறையின் பாதி முதலும் அவரோடு போய்விடுகிறது.

முழு இயந்திரத்தையும் ஓட்டோகெட்டில் ஒரே கோப்பாகக் கீறி வைப்பது வழக்கம். ஒரு மாதிரிக்கு இது போதும். மாதிரிகள் பெருகும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

மிளகாய் அரைக்கும் இயந்திரமொன்றை எடுத்துக்கொள்வோம். மேலே முழு இயந்திரம். அதன் கீழ் சட்டகம், அரைக்கும் அறை, இயக்கும் பகுதி எனத் தொகுதிகள். இயக்கும் பகுதியின் கீழ் ஷாஃப்ட், புல்லி, பெயாரிங் கூடு எனப் பாகங்கள். பாகமொன்றுக்கு ஒரு கோப்பு, ஓர் இலக்கம். எது தொகுதி என்று குழம்பினால், தனியாகப் பூட்டி ஓரமாக எடுத்து வைக்கக்கூடியதைத் தொகுதி எனக் கொள்ளலாம். சிறு பட்டறைக்கு மூன்று படிகள் போதும். கடையில் வாங்கும் போல்ட், நட்டுக்கெல்லாம் படம் கீறுவது வீண் வேலை. பட்டியலில் அளவு இருந்தால் சரி.

சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் தொகுதிக் கோப்பு, பாகத்தின் கோப்பைச் சுட்டிக்காட்டுமே தவிர, அதைப் பிரதிபண்ணி வைத்துக்கொள்வதில்லை. ஒரே பெயாரிங் கூட்டை மூன்று மாதிரிகளில் பாவித்தால், ஓரிடத்தில் திருத்துவது மூன்றிலும் திருந்தும். கோப்பின் பெயரை வெளியிலிருந்து மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும் என்பதையும் தம்பிமாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. 6204 இலக்கப் பெயாரிங்கின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர். 6205 இன் உள்விட்டம் 25. பலம் போதாதென்று ஷாஃப்டை 25 ஆக்கிவிட்டு, பழைய இலக்கத்தையே விட்டு வைத்தோமென்றால் என்ன நடக்கும்? முன்னர் இயந்திரம் வாங்கிய வெளியூர் வாடிக்கையாளர் ஷாஃப்ட் கேட்கிறார். இலக்கத்தைப் பார்த்து அனுப்புகிறோம். பொதி போய்ச் சேருகிறது, பொருந்தவில்லை. நோன்பு காலத்தில் அவருடைய மில் நிற்கிறது. அடுத்த இயந்திரத்தை அவர் நம்மிடம் வாங்குவாரா?

ஆகவே பழையதன் இடத்தில் பூட்ட முடியாத பாகத்துக்குப் புதிய இலக்கம் கொடுக்க வேண்டும். பழைய படத்தை அழிக்கவும் கூடாது. பொருத்தத்தைப் பாதிக்காத சிறு திருத்தமாயின் இலக்கத்தோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதுமானது. விற்ற பில்லின் பிரதியில் எந்தத் திருத்தத்தின்படி செய்தது என்று குறித்துக்கொள்வதும் நன்று.

வாடிக்கையாளர் தமது சொந்த வரைபடத்தைத் தந்து செய்விப்பதும் உண்டு. அது அமானிதம். நமது பொதுப் பாகங்களோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும்.

மென்பொருளின் விலையைக் காட்டி இதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஃபிரீகெட் இலவசம், 2024 இல் வந்த அதன் 1.0 பதிப்பில் பாகங்களை இணைக்கும் வசதியும் உள்ளடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போகாமல், உதிரிப்பாகம் அதிகம் கேட்கப்படும் இயந்திரத்திலிருந்து தொடங்கலாம்.