ஒரு நாள் மலையேற்றம்: எந்த மலையைத் தேர்ந்தெடுப்பது?

கோலாலம்பூரில் வாழ்வோர் மலையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகரின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. காரில் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் பல மலைகளின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய இத்தகைய மலையேற்றத்தை விரும்புவோர் பலர். ஆனால், எந்த மலைக்குச் செல்வது என்பதை அவர்கள் எவ்வாறு முடிவு செய்கின்றனர்? கைப்பேசியில் கண்ட ஒரு படமே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. உச்சியின் அழகை அந்தப் படத்தில் காணலாம். அங்கு ஏறி இறங்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

மலையின் உயரத்தை மட்டும் பார்த்து அது எளிது அல்லது கடினம் என்று கூறிவிடவும் முடியாது. செமினிக்கு அருகிலுள்ள புரோகா குன்று ஏறத்தாழ 400 மீட்டர் உயரமுடையது. லாலாங் புல் வளர்ந்த அதன் சரிவுகளில் புதியவர்களும் விடியற்காலையில் ஏறிச் சூரிய உதயத்தைக் காண்பதுண்டு. தாமான் மெலாவத்திக்கு அருகிலுள்ள புக்கிட் தாபூரும் உயர்ந்த மலை அன்று. ஆயினும், அது குவார்ட்ஸ் எனப்படும் கடினமான பாறையால் ஆன குறுகிய முகடு. கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே நீளும் அம்முகட்டின் சில இடங்களில் இருபுறமும் செங்குத்தான பள்ளம் உண்டு. அங்குத் தவறி விழுந்து உயிரிழந்தோரும் உள்ளனர். விபத்துகளுக்குப் பின் அம்மலையின் பாதை மூடப்பட்டதும் உண்டு. ஆகவே, உயரத்தோடு பாதையின் தன்மையையும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

அடுத்து ஆராய வேண்டியது நேரம். 1892ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்னும் மலையேறி ஓர் எளிய கணக்கு முறையை வகுத்தார். நடக்கும் தொலைவில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம் கொள்ள வேண்டும். அதனுடன், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 5 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால் உச்சியை அடைய இரண்டு மணி நேரம் ஆகும்.

இக்கணக்கு குளிர்நாட்டில் பழக்கமுள்ளவர்களுக்காக வகுக்கப்பட்டது. நம் நாட்டுக் காடுகளில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. வேர்கள் பின்னிக் கிடக்கும் வழுக்கலான பாதையில் வேகமாக நடக்கவும் இயலாது. எனவே, புதியவர்கள் பாதி நேரத்தையாவது கூட்டிக் கொள்வது நல்லது. அப்படியானால், மேற்கூறிய மலையில் ஏறுவதற்கு மூன்று மணி நேரமும், களைத்த கால்களுடன் இறங்குவதற்கு ஏறத்தாழ அதே நேரமும் தேவைப்படும். ஓய்வுக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்தால் மொத்தம் ஏழு மணி நேரம் ஆகிறது.

இந்த ஏழு மணி நேரத்தை ஒரு நாளுக்குள் எங்கே வைப்பது என்பதே முக்கியக் கேள்வியாகும். கோலாலம்பூர் வட்டாரத்தில் மாலை 7 மணியளவில் சூரியன் மறையத் தொடங்குகிறது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே அதற்கு முன்பே இருள் சூழ்ந்துவிடும். மேலும், பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்வது வழக்கம். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இம்மழை அதிகம். காலை 7 மணிக்கு ஏறத் தொடங்கும் குழு பிற்பகல் 2 மணிக்கு அடிவாரத்தில் இருக்கும். காலை 11 மணிக்குத் தொடங்கும் குழுவோ, மழையில் நனைந்து, மாலை 6 மணிக்கு இருளோடு போட்டியிட்டு இறங்க வேண்டிவரும். மலை ஒன்றுதான், தொடங்கும் நேரத்தால் ஆபத்து பெருகிவிடுகிறது.

உலு லங்காட்டிலுள்ள நுவாங் மலையை இக்கணக்கோடு ஒப்பிடலாம். 1,493 மீட்டர் உயரமுள்ள அது சிலாங்கூரின் உயர்ந்த மலைகளுள் ஒன்று. பங்சூன் வழியாக ஏறி இறங்க, பழக்கமில்லாதவர்களுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் ஆகக்கூடும். நகரிலிருந்து அடிவாரம் அருகில் இருப்பதால் மட்டும் அது முதல் மலையேற்றத்திற்கு உகந்ததாகிவிடாது.

பாதையில் ஆறு குறுக்கிடுகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். கோல குபு பாருவுக்கு அருகிலுள்ள புக்கிட் குத்து 1,053 மீட்டர் உயரமுடையது. ஆங்கிலேயர் காலத்தில் ஓய்வில்லங்கள் இருந்த அம்மலையில் பழைய புகைபோக்கி ஒன்று இன்றும் காணப்படுகிறது. அதைக் காணச் செல்வோர் வழியில் ஆற்றைக் கடக்க வேண்டும். மேல்மலையில் கனத்த மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். மலாய்மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் கலங்குவதும், இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவதும், நீரின் ஓசை கூடுவதும் அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் கரையேறி மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். காலையில் முழங்காலளவு இருந்த ஆறு, மாலையில் கடக்க முடியாததாகிவிடலாம். “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்னும் பழமொழி இங்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது.

மலையைத் தேர்ந்தெடுத்த பின் பாதை திறந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகள் பலவற்றுள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி தேவை. அனுமதிப் பதிவு இருந்தால், ஒருவர் திரும்பி வராதபோது எங்கே தேடுவது என்பது மீட்புக் குழுவினருக்குத் தெரியும். செல்லும் மலையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிச் செல்வதும் இதே காரணத்திற்காகத்தான். காட்டினுள் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போகலாம். அப்போது 999 என்னும் அவசர எண்ணை அழைக்கக்கூடியவர்கள் அவர்களே.

இறுதியாக, குழுவில் மிக மெதுவாக நடப்பவரைக் கொண்டே மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிடுவோம்’ என்பதையும் புறப்படுமுன் முடிவு செய்துகொள்வது சிறப்பு. அந்த நேரம் வரும்போது உச்சி கண்ணெதிரே தெரியலாம். இன்னும் அரை மணி நேரம்தானே என்று மனம் தூண்டலாம். ஆயினும், அந்த அரை மணி நேரம் ஏறுவதற்கு மட்டுமே உரியது. இறங்கவும் நேரம் வேண்டும். அன்று எட்டாத உச்சிக்கு மற்றொரு நாள் செல்லலாம். குழுவில் அனைவரும் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்து சேர்வதுதான் நல்ல மலையேற்றமாகும்.