பனிப்புயலில் பிறந்த கதைகள்

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ் 1950-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் எல்லோருமே புத்தகப் பிரியர்கள் என்பதால் வாசிப்பு அவருக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. தாயான பிறகு, பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் முடித்துவிடக்கூடிய சிறிய காதல் நாவல்களில் நாட்டம் பிறந்தது.

1979 பிப்ரவரியில் மேரிலாந்தைப் பனிப்புயல் தாக்கியது. மழலையர் பள்ளிக்கு விடுமுறை, வெளியே கால் வைக்க முடியாத பனி, வீட்டுக்குள் இரண்டு வாண்டுப் பையன்கள். போதாக்குறைக்கு, இருந்த சாக்லேட்டும் தீர்ந்துகொண்டே வந்தது. பொழுது போக வேண்டுமே! ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து, மனசுக்குள் ஓடிய கதையை எழுதத் தொடங்கினார்.

எழுதி அனுப்பியவை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அப்போது காதல் நாவல் சந்தையில் பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் கையே ஓங்கியிருந்தது. அமெரிக்க எழுத்தாளர்களைத் தேடி 1980-இல் 'சிலுவெட்' என்ற பதிப்பகம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. குதிரைப் பண்ணையில் நடக்கும் 'ஐரிஷ் தரோபிரெட்' என்ற முதல் நாவல் 1981-இல் வெளியானது.

பிறகு அவர் எழுதிக் குவித்த நாவல்கள் 200-ஐத் தாண்டும். ஜே. டி. ராப் என்ற புனைபெயரில் வருபவை துப்பறியும் கதைகள்.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் ஒரு காதல் கதை உண்டு. வீட்டில் புத்தக அலமாரி செய்ய வந்த தச்சரையே 1985-இல் மணந்துகொண்டார்.